சுரண்டி எடுத்த நாலு டிராயர்

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், பிரஷர் மாத்திரையும் தவறவில்லை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார், நிம்மதியாக இருந்தது. மகளை இப்போதைக்கு மாடிப்படி ஏற விடாதே.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாய், நான் "ஆச்சு" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பத்து நாளாக அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

மகள் பிரசவத்துக்கு நீ கிளம்பும் முன் பெயிண்டால் வரைந்து, போர்வை போட்டு மூடி வைத்த டிராயர் அலமாரியை நான் சுரண்டிவிட்டேன். நாலு டிராயரையும். ரிமூவர் தடவி, தகட்டால் வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உன் பெயிண்ட் ஒரு பொட்டுகூட இல்லாமல் எடுத்துவிட்டு அரக்கு பாலிஷும் போட்டேன். வேலை சுத்தமாக வந்திருக்கிறது. அதை எழுதக் கை கூசுகிறது.

பட்டறை முதலாளி வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். முப்பத்தொரு வருஷமாகத் தேக்கின் ரேகை தெரியப் பாலிஷ் போடுகிறவன் வீட்டிலேயே தேக்கு மேல் நீலமும் மஞ்சளும் அப்பியிருந்தால் பட்டறையே சிரிக்கும் என்று பயந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. முதலாளி வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே சனிக்கிழமை வேலையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா, பஞ்சர் கடைத் தம்பி, கேக் கடைக்காரர் மூன்று பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தார்கள். நான் ஊரில் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போய் அலமாரியைப் பாருங்கள் என்று நீ சொல்லியிருந்தாயாம். கேக் கடைக்காரர் தன் மாமியாரையும் கூட்டி வந்திருந்தார். "எம் மருமகன் நாள் பூரா கிரீம் பிதுக்குறான்" என்று தெருவெல்லாம் இளக்காரமாகச் சொல்லித் திரிகிற அதே அம்மா.

அலமாரி எங்கே என்று கேட்டார்கள். கண்முன்னால்தான் இருந்தது. காட்டினேன். பெயிண்ட் எங்கே என்றார் தையல்காரம்மா. அப்போதுதான் நான் ஒரு பொய்யைச் சொன்னேன். "அவளுக்கே பிடிக்கல, அழிச்சிடச் சொல்லிட்டா" என்றேன்.

சுரண்டியதைவிட இதுதான் பெரிய தப்பு. உன் வாயில் இல்லாத வார்த்தையை உன் தலையில் கட்டினேன்.

பஞ்சர் கடைத் தம்பி "அண்ணியா சொன்னாங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். மாமியார் அம்மா, "இந்த மரப்பெட்டியைப் பார்க்கவா வெயில்ல இழுத்துட்டு வந்தீங்க மாப்பிள்ளை?" என்றார். கேக் கடைக்காரர் சிரித்துச் சமாளித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

மற்றவர்கள் போன பிறகு தையல்காரம்மா மட்டும் வாசலில் நின்றார். எந்த டிராயரில் நீ வரைந்தது யாருடைய கைவேலை என்று அவர்தான் சொன்னார். அடி டிராயரில் கேக் கடைக்காரரின் கிரீம் பூக்கள். அதற்கு மேலே தம்பி டியூபில் ஒட்டுகிற ரப்பர் வட்டங்கள். அதற்கு மேலே சட்டைக் கை வெட்டும் முன் தையல்காரம்மா சாக்கட்டியால் போடுகிற வளைவு. இத்தனை வருஷத்தில் அந்தக் கோட்டை யாரும் அழகு என்று சொன்னதில்லை என்றார்.

மேல் டிராயர் யாருடையது என்று கேட்டேன். "உங்களோடதுதான் அண்ணே. நீங்க பாலிஷ் போடுறப்போ கை எட்டு எழுதுற மாதிரியே சுத்துமாமே. பட்டறை ஜன்னல்ல நின்னு நின்னு பார்த்து வரைஞ்சிருக்காங்க" என்றார்.

பழுப்பில் சுழி சுழியாக ஏதோ இருந்தது என்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. கிறுக்கல் என்று நினைத்து முதலில் சுரண்டியதே அதைத்தான். மறுநாள் பட்டறையில் பாலிஷ் போடப் பஞ்சைத் துணியில் பொதிந்து எடுத்ததும் என் கையையே பார்த்தேன். எட்டுதான் போடுகிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

நேற்று தையல்காரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். பஞ்சர் கடைத் தம்பி காற்றடிப்பதை நிறுத்தாமலே, "அண்ணி அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு அப்பவே தெரியும்" என்றான். இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

கேக் கடைக்காரரிடம் தனியாகச் சொன்னால் போதாது. அந்த மாமியார் அம்மா காதில் விழச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அந்த அம்மாதான் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அங்கேதான் போகிறேன். அதன்பின் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வரும் முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நானே திரும்ப வரைந்து வைக்கலாமா என்று உன் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். உடனே வைத்துவிட்டேன். கேட்காமல் கை வைத்தது ஒரு தடவை போதும்.

நீ வந்து வரைந்தாலும் சரி, அந்த அலமாரி இருக்கிற பக்கமே திரும்பாவிட்டாலும் சரி. திட்டி நாலு வரி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. பேரக்குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டு என் ஆசியைச் சொல். இந்தக் கடிதத்தை மகளிடம் காட்டாதே.

இல்லை, காட்டு. அவளும் படிக்கட்டும்.

உன் கணவன்