ஆறாம் ரீலுக்கு யார் தலை?

6-8-57, செவ்வாய்

வேலைக்குச் சேர்ந்து ஐந்து நாள். காஜா பேராங் தெருவில் ஜெய்னுலாப்தீன் ராவுத்தரின் படக் கிடங்கு. எஸ்டேட்டுகளுக்கு வாடகைக்குப் போய்வரும் சினிமா ரீல்களைச் சரிபார்த்து அடுக்க வேண்டும். மாதக் கடைசிவரை பார்ப்பாராம். பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து, அம்மா பிடித்து வரும் மாப்பிள்ளைகளின் பெருமையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

8-8-57

படத்தின் பெயரும் ரீல் எண்ணும் டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கும். எஸ்டேட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், மூடிகளை எல்லாம் குவியலாகப் போட்டுவிட்டு, படம் முடிந்ததும் கைக்கு வந்ததை எடுத்து மூடிவிடுகிறார்கள். இன்று பதினான்கு டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு ரீலிலும் ஒரு முழம் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரீலின் தலைப் பக்கத்தில் பெயரும் எண்ணும் அச்சாகியே இருக்கின்றன. நான்கு டப்பாவில் மூடி சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று.

"மூடியிலதான் எழுதியிருக்கேம்மா! எல்லாத்தையும் திறந்துக்கிட்டிருந்தா லோரி எப்பப் புறப்படும்?" என்றார் முதலாளி. நான்கையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மெச்சினாரா, கோபமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

13-8-57

முப்பத்தொரு டப்பா. நகமெல்லாம் போச்சு. தலையில்லாமல் கிழிந்த ரீல் ஒன்றை மூலையில் வைத்திருக்கிறேன்.

18-8-57, ஞாயிறு

மானம் போச்சு.

படம் ஓட்டும் கருணாகரன் அண்ணன் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று எஸ்டேட்டில், தாய் சாகக் கிடக்கிறாள், மகன் கதறிக்கொண்டு ஓடி வருகிறான், ஐந்தாம் ரீல் முடிகிறது. ஆறாம் ரீலைப் போட்டால் ஒரு யானை முக்காலியில் ஏறி நிற்கிறது. சர்க்கஸ் படம்! சனம் விசிலடித்திருக்கிறது. ஒரு அம்மா மட்டும், "அவ பொழச்சாளா இல்லையா? சொல்லிட்டுப் போ" என்று அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாளாம்.

ஆனால் நான் பார்த்தேனே! அதே படம், ஆறாம் ரீல் என்று தலையில் இருந்ததே!

19-8-57

ரீலைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு முழம் தாண்டியதும் விரலில் ஒரு தடிப்பு தட்டியது. ஒட்டு! அதற்கு முன்னால் தாய் படம், பின்னால் யானை.

கருணாகரன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "சர்க்கஸ் ரீலோட தலை மிஷின்ல மாட்டிக் கிழிஞ்சிருச்சு தங்கச்சி. கீழ ஒரு தலை கெடந்துச்சு, எடுத்து ஒட்டிட்டேன். தலையில என்ன இருக்கு, படம் ஓடுனாச் சரின்னு..."

கீழே கிடந்தது தாய் படத்தின் ஆறாம் ரீல் தலை. உடம்பு? என் மூலையில்!

கோபப்பட நினைத்துச் சிரித்துவிட்டேன். முதலாளியிடம் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. தலையை மட்டும் பார்த்தது என் தப்புதானே.

"அத்தனையும் திறந்து பாத்தும் இந்தக் கூத்துதானா? நாடு சுதந்திரம் வாங்குற மெர்டேகா அன்னிக்கு நம்ம படத்தைத் திடல்ல ஊரே உக்காந்து பாக்கப்போவுது. அங்கேயும் யானை வந்துச்சுன்னா நீ வேலைக்கு வர வேணாம்" என்றார் முதலாளி.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு நாள்.

24-8-57, சனி

முதலாளியிடம் புது ஏற்பாட்டைச் சொன்னேன். தலை, நடு, வால் மூன்றையும் பார்ப்பேன். ஒட்டு இருக்கிறதா என்று ஓரம் முழுக்க விரலை ஓட்டுவேன். ஒரு ரீல் முடிகிற காட்சியும் அடுத்தது தொடங்குகிற காட்சியும் சேர வேண்டும்: அதே புடவை, அதே கதவு. "ஒரு படத்துக்கு ஒரு நாள் ஆகும் முதலாளி."

"உம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது புரிந்திருக்கும்.

29-8-57

மெர்டேகா படம், பதின்மூன்று ரீல். ஒன்பதாவதில் விரல் தட்டியது. தலை சரி. ஒட்டுக்கு அப்பால் யாரோ ஒருத்திக்குக் கல்யாணம்! பசியாறக்கூட இல்லை, கருணாகரன் அண்ணனும் நானும் கிடங்கையே கவிழ்த்தோம். நாலு மணிக்கு நிஜமான ஒன்பது கிடைத்தது. "இதை நான் ஒட்டலை, சத்தியமா" என்றார் அண்ணன். நம்பிவிட்டேன், பாதி.

1-9-57, ஞாயிறு

நேற்று நாடு சுதந்திரம் அடைந்தது. திடலில் உட்கார இடமில்லை, மரத்தில்கூட ஆள். ஒன்பதாம் ரீல் ஏறியபோது நான் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்து ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் அழுதார்கள். அழ வேண்டிய இடம்தான்! நானும் அழுதேன், கதைக்காக இல்லை.

3-9-57

முதலாளி ஒரு சின்னப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்து, "நீ பாத்த டப்பாவுல எல்லாம் இதைக் குத்தும்மா" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

ரப்பர் முத்திரை, என் பெயரோடு. "சோதித்தவர்: விஜயா."

பொட்டலத்தில் கடை ரசீதும் இருந்தது. ஆர்டர் கொடுத்த தேதி 24-8-57, அவர் "உம்" என்ற அன்றே. மெர்டேகா படம் ஓடுவதற்கு ஒரு வாரம் முந்தி.

இந்த நோட்டிலும் ஒன்று குத்திப் பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது.