ஒரு கட்டிலுக்கு இரண்டு போர்வை

11 டிசம்பர் 2024, புதன்

மெத்தை வந்துவிட்டது. ஒச்சப்பன் கடை ஆட்களே மாடியில் ஏற்றிப் போட்டார்கள். சுத்தமான இலவம்பஞ்சு. தலையணை இரண்டும் கெட்டியாக, உருண்டு திரண்டு இருக்கின்றன. தலை வைத்தவுடன் அமுங்கினால் அதற்குப் பெயர் தலையணையா? போர்வை மட்டும் பெரிதாக ஒன்றே ஒன்று, இருவருக்கும் சேர்த்து. ரோஜாப்பூ போட்டது.

"மாப்ள வெள்ளைக்காரரா டீச்சர்? கட்டில் நீளம் பத்துமா?" என்று ஒச்சப்பன் கேட்டார். அவர் கவலை அவருக்கு.

லிடியா கல்யாணம் ஸ்டுட்கார்ட்டிலேயே நடந்தது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. போனில் பார்த்து ஆசீர்வாதம் செய்தோம். ஒன்றரை வருடம் கழித்து இப்போதுதான் மகளும் மருமகனும் வந்து தங்கப்போகிறார்கள். பெயர் மத்தியாஸ். அப்போஸ்தலர் பெயர். அந்த வகையில் நிம்மதி.

20 டிசம்பர், வெள்ளி

வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு தலையணை. சதுரம்! முக்கால் கட்டிலை அடைத்துக்கொள்கிறது. உள்ளே ஏதோ பறவையின் இறகாம். கையை வைத்தேன், கை மெத்தையைத் தொட்டுவிட்டது. காற்றுப்போன பூரி. நம் ஆட்கள் ஊறுகாய் கட்டிக்கொண்டு போனால் கேலி செய்கிறோம். இவர் ஏழாயிரம் கிலோமீட்டர் தலையணை சுமந்து வந்திருக்கிறார்.

"அங்க எல்லாரும் இதுலதாம்மா படுப்பாங்க," என்றாள் லிடியா. இருக்கட்டும்.

21 டிசம்பர், சனி

காபி கொண்டு மாடிக்குப் போனேன். ரோஜாப்பூப் போர்வை நாற்காலியில் கிடக்கிறது. கட்டிலில் பீரோவிலிருந்து எடுத்த இரண்டு தனிப் போர்வைகள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் ஒரு முழம் இடைவெளி.

காபியை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஒன்றரை வருடத்துக்குள்ளேயா?

23 டிசம்பர், திங்கள்

முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளிடம் உண்மையை வரவழைத்தவள் நான். வெங்காயம் உரிக்கும்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்: "மாப்ள உன்ன நல்லா பாத்துக்கிறாராடி?"

"ம்."

ம்! சந்தோஷமாக இருக்கிற பெண் "ம்" என்றா சொல்வாள்?

என் வீட்டுக்காரர் இருதயநாதன் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் பேப்பருக்குள்தான் குடியிருக்கிறார். அவரிடம் சொன்னேன். "குளுருக்கு ரெண்டு எடுத்திருப்பாக," என்றார், தலையைத் தூக்காமல். ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஆண்கள் கண்ணில் படுவதே இல்லை.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். குடிலில் மாதாவும் சூசையப்பரும் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதை இந்த வருடம்தான் கவனித்தேன்.

27 டிசம்பர், வெள்ளி

போர்வை இன்னும் இரண்டுதான். பொறுக்க முடியவில்லை. கோயிலுக்குப் போய் ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து கொடுத்தேன். சீட்டில் "குடும்ப சமாதானத்துக்காக" என்று மட்டும் எழுதினேன். உபதேசியார் ஆரோக்கியதாஸ் என்னிடம் படித்தவர். "பேரு இல்லாம நோட்டுல எப்படி டீச்சர் ஏத்துறது?" என்றார். நோட்டுக்குத்தானே என்று பெயரைச் சொன்னேன்.

29 டிசம்பர், ஞாயிறு. திருக்குடும்பத் திருநாள்

ஐயோ.

மைக்கில், கோயில் நிறையக் கூட்டம் இருக்க, ஆரோக்கியதாஸ் வாசித்தார்: "சகாயசெல்வி டீச்சரின் மகள் லிடியா, மருமகன் மத்தியாஸ் இவர்களிடையே சமாதானம் உண்டாகவும், இவர்கள் மீண்டும் ஒன்றுசேரவும்..." மீண்டும் ஒன்றுசேரவும் என்று நான் எழுதவே இல்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.

தன் பெயர் காதில் விழுந்ததும் மாப்பிள்ளை, யாரோ வரவேற்கிறார்கள் என்று எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். வெளியே வந்தால் எங்கள் தெரு கிளாரா அக்கா லிடியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்: "எல்லாம் சரியாயிரும் தாயி."

வீடு வந்ததும் லிடியா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

30 டிசம்பர், திங்கள்

இன்று பேசினாள்.

"ஜெர்மனியில கட்டில் ஒண்ணு, போர்வை ரெண்டும்மா. எல்லா வீட்டுலயும். ஒருத்தர் இழுத்தா இன்னொருத்தருக்குக் குளுரும்ல? அம்புட்டுதான்."

மாப்பிள்ளை பாவம், படமே வரைந்து காட்டினார். ஜப்பானில் தலையணைக்குள் ஏதோ தானியத்தின் உமியை அடைப்பார்களாம். பிரான்சில் கட்டில் அகலத்துக்கு ஒரே நீளத் தலையணை, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து, அந்தக் காலத்திலிருந்தே உண்டாம். ஒரு பிரான்ஸ்காரனாகப் பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. சொல்லவில்லை.

சிரித்து முடிந்திருக்க வேண்டிய விஷயம். லிடியா சிரிக்கவில்லை.

"நாங்க ஒரே கட்டில்லதாம்மா படுக்குறோம். அப்பா எங்க படுக்குறாரு?"

ஹாலில் பேப்பர் சத்தம் நின்றது.

"அதுக்கு யாரு பூசை கொடுத்தா? நான் பிளஸ் டூ படிக்கும்போதிருந்து பாக்குறேன். அதப் பாத்துத்தான் கல்யாணமே வேணாம்னு அத்தன நாள் இருந்தேன்."

உலை கொதிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். உலையே வைக்கவில்லை.

31 டிசம்பர்

2013 மார்ச். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை டூட்டி. இவர் குறட்டை. "செத்த நேரம் ஹால்ல படுங்களேன்" என்றேன். செத்த நேரம் என்றுதான் சொன்னேன். பரீட்சை முடிந்தது. பிறகு வெயில்காலம், ஹாலில் காற்று வரும் என்றார். பிறகு மழைக்காலம். பிறகு? சண்டையா? ஒரு சண்டைகூட இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்போம்.

என் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6 ஜனவரி 2025, திங்கள்

ரயில் ஏறிப் போய்விட்டார்கள். லிடியா கட்டிப்பிடித்தாள், பேசவில்லை. பாதி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டே விட்டேன். "அந்தப் பரீட்சை முடிஞ்சப்பறம் ஏங்க உள்ள வரல?"

இவர் ரோட்டைப் பார்த்தபடி, "நீ கூப்பிடுவன்னு இருந்தேன்," என்றார்.

"பன்னெண்டு வருசமாவா?"

"கூப்பிடாம எப்படி வாரது?"

நான் இவராக வரட்டும் என்று இருந்தேன். அதைச் சொல்வதற்குள் வீடு வந்துவிட்டது.

10 ஜனவரி

கூப்பிட வேண்டும். "சாப்பிட வாங்க" என்று தினம் மூன்று தடவை கூப்பிடுகிற வாய்தான். இதற்கு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அறுபத்தோரு வயதில் இது என்ன கூத்து?

19 ஜனவரி, ஞாயிறு

காலைப் பூசையைத் தவறவிட்டேன். எத்தனையோ வருடங்களில் இதுதான் முதல்முறை. கூப்பிட்டதன் பலன், ராத்திரி முழுக்கக் காதருகே குறட்டை. பன்னிரண்டு வருடத்தில் நன்றாகவே தேறியிருக்கிறது. விடியும்போதுதான் கண் அசந்தேன்.

நான் தூங்கும்போது லிடியா போன் செய்தாளாம். இவர்தான் எடுத்திருக்கிறார். "அம்மா இங்கனதான் தூங்குறா, மெதுவாப் பேசு," என்றாராம்.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அழுதா."