நான்காவது வட்டம்

அன்புள்ள மாடசாமி அண்ணாச்சிக்கு,

நாலு பேர் பார்க்க உங்களை இப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. குற்றாலத்து பங்களா அறைக்குள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். படியிறங்கி ரோட்டில் கால் வைத்ததும் நீங்கள் "ஏலே மாடசாமி" ஆகிவிடுவீர்கள். நான் "அய்யா" ஆகிவிடுவேன். நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

வருகிற ஐப்பசியோடு நீங்கள் போய் ஒரு வருடம். இத்தனை நாள் கழித்து இவன் என்னத்தை எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நானாக எழுதவில்லை, எழுதச் சொல்லி ஒருவர் உத்தரவு போட்டிருக்கிறார். யாரென்று கடைசியில் சொல்கிறேன். நேராக விஷயத்துக்கு வருகிற தைரியம் எனக்கு என்றைக்கு இருந்தது?

முதலில் ஊர்ச் செய்தி. பங்களாவை லாட்ஜ் ஆக்கிவிட்டார்கள். நாம் வாசித்த அறையில் இப்போது நாலு கட்டில் கிடக்கிறது. எதிரொலி வராமலிருக்க நாம் சுவரெல்லாம் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த கோணிச்சாக்குகளைக் கழற்றி, அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்கள் கால் துடைக்கப் போட்டிருக்கிறார்கள். மைதீன் அண்ணாச்சி கிளாரினெட்டை மச்சினர் வீட்டில் போட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். செல்லத்துரை அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலில் பிடில் வாசிக்கிறார், அதுவும் பாதிரியார் கேட்டுக்கொண்டால்தான். என் ஆர்மோனியத்தின் மேல் வீட்டில் துணி மடித்து வைக்கிறார்கள்.

நம் இசைத்தட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலையில் போடுகிறான். கல்யாண வீடுகளில் பந்திக்கு இலை போடும்போது போடுகிறார்கள். உங்கள் டிரம் ஆரம்பிக்கிற இடம் வந்தால் டீ ஆற்றுகிறவன்கூட தலையை ஆட்டுகிறான். யார் வாசித்தது என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "மெட்ராஸ்காரனுவளா இருக்கும் அண்ணாச்சி, நம்மூர்ல எவன் இப்பிடி வாசிக்கான்?" என்றான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தருவி போகிற வழியில் நம் முதலாளி ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, பாட்டுப் பதிவு செய்கிற மிஷின் வாங்கி வைத்தார். சீசனுக்குக் குளிக்க வருகிற பாடகர்களைப் பிடித்துப் பாட வைத்து, மெட்ராசுக்கு அனுப்பித் தட்டாக்கி விற்பது அவர் யோசனை. பின்னால் வாசிக்க நாம் நாலு பேர். நான் ரத வீதிக்காரன், ஆர்மோனியம். மைதீன் அண்ணாச்சி தென்காசியில் தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை. செல்லத்துரை அண்ணாச்சி வேதக்காரர். நீங்கள் ஊருக்கு வெளியே தள்ளிவைத்த தெருவிலிருந்து டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்து வருவீர்கள்.

முதல் நாள் யாரை யார் எப்படிக் கூப்பிடுவது என்று நாம் திணறியது நினைவிருக்கிறதா? மைதீன் அண்ணாச்சிதான் தீர்ப்புச் சொன்னார். "ஒரு ரூமுக்குள்ள நாலு தினுசா கூப்பிட்டுக்கிட்டு இருந்தா தாளம் எங்கன வே நிக்கும்? வயசும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். எல்லாரும் அண்ணாச்சிதான்." நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக ஒரு மாதம் ஆயிற்று. எனக்கும் அவ்வளவு நாள் ஆயிற்று என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அறையில் ஒரே ஒரு மைக். சத்தம் குறைந்த வாத்தியம் கிட்டே, கூடின வாத்தியம் தள்ளி நிற்க வேண்டும். அரை அடி மாறினாலும் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். அதனால் தரையில் சாக்பீஸால் நாலு வட்டம் போடுவது என் வேலை. பிடிலுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, கிளாரினெட்டுக்கு ஒன்று, கடைசியாக உங்களுக்கு. மிஷின் சுற்ற ஆரம்பித்தால் யாரும் பேசக்கூடாது. அவரவர் தரையைப் பார்த்து நடந்துபோய் அவரவர் வட்டத்தில் நிற்க வேண்டியதுதான். எட்டு வருடம் அப்படியே நின்றோம். நீங்கள் ஒருநாளும் வட்டத்தை மிதித்து அழித்தது கிடையாது.

வெளியே கதை வேறு. பஜார் டீக்கடையில் உங்களுக்குத் தகரக் குவளை. அதைப் பார்த்ததிலிருந்து மைதீன் அண்ணாச்சி நாலு பேருக்கும் டீயைத் தூக்கில் வாங்கிவந்து பங்களா வாசலில் வைத்து ஊற்றுவார். நான் குடித்தேன், ஆனால் என் வீட்டுப் படியை உங்களை மிதிக்கவிட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

அந்தத் தட்டு உருவான கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மெட்ராசிலிருந்து வந்த பெரிய பாடகர், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் சாரலில் மூன்று வேளையும் அருவியில் நின்று குளித்தார். நாலாம் நாள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் சும்மா இருக்கமாட்டாமல் குச்சியை எடுத்து ஒரு நடையைத் தட்டினீர்கள். மைதீன் அண்ணாச்சி அதன்மேல் ஏறினார், பிறகு நாங்களும். "நிறுத்தாதீயவே, அப்பிடியே போங்க!" என்று கத்திக்கொண்டே முதலாளி மிஷினைத் தட்டிவிட்டார். பாட்டே இல்லாத தட்டு. அந்த வருடம் பாட்டிருந்த தட்டையெல்லாம் அதுதான் தூக்கி அடித்தது.

அதில் நம் பெயரைப் போடச் சொல்லி நான்தான் கேட்டேன். "நாலு பேரையும் சேத்துப் போட்டா யாரு என்னன்னு விசாரிப்பான். பொறவு கல்யாண வீட்டுல தட்டு ஓடாதுவே" என்றார் முதலாளி. தட்டின் நடுவில் ஒட்டுகிற வட்டத் தாளில் 'வாத்திய இசை' என்று மட்டும் அச்சடித்து வந்தது. நாம் நாலு பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

சரி. இனிமேல் ஒளிய இடமில்லை. சிவகிரிக்குப் பக்கத்தில் அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

தட்டைக் கேட்டு மயங்கின ஒரு பெரிய வீட்டுக்காரர், வாசித்த ஆட்களே நேரில் வந்து வாசிக்க வேண்டும் என்று முதலாளியிடம் பிடிவாதம் பிடித்தார். போய் இறங்கியதும் பெண்ணின் சித்தப்பா நம் நாலு பேரிடமும் பெயரைக் கேட்டார், பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். உங்கள் முறை வந்தபோது நீங்கள் மறைக்காமல் சொன்னீர்கள். "அப்ப டிரம்முக்காரன் பந்தலுக்கு வெளிய நின்னு அடிக்கட்டும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். நீங்கள் மூன்று பேரும் அதற்குள் வண்டியிலிருந்து வாத்தியங்களை இறக்கப் போயிருந்தீர்கள். அந்தப் பேச்சு உங்கள் யார் காதிலும் விழவில்லை. உங்களிடம் சொல்வதாக நான்தான் ஒத்துக்கொண்டேன்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போய் மைக்கைப் பார்த்தேன். சவுண்டு செட்டுக்காரன் மணவறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மைக்கை நிறுத்தியிருந்தான். மைக்கைக் கண்டதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை அண்ணாச்சி. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். எட்டடி, ஆறடி என்று காலால் அளந்தேன். நாலு வட்டம் போட்டேன். நாலாவது வட்டம் பந்தலுக்குள், மணவறைக்கு இடப்பக்கம், வாழைமரத்தை ஒட்டி விழுந்தது. போட்டுவிட்டு ஆர்மோனியத்தைத் துடைக்க உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் டிரம்மை மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி வந்தீர்கள். வந்து உங்கள் வட்டத்தில் நின்றீர்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கணத்தில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைதீன் அண்ணாச்சி வாசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பதைச் சாக்காக வைத்து நானும் ஆர்மோனியக் கட்டையில் கைவைத்தேன். அன்றைக்குப் போல் நாம் என்றைக்கும் வாசித்ததில்லை. பந்தலே ஆடியது. உங்கள் டிரம் தனியாக வருகிற இடத்தில் சனங்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் சித்தப்பா திரும்பிப் பார்த்தார்.

"எவம்லே இவன உள்ள விட்டது?"

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நீங்கள் குழம்பிப்போய்த் தரையைக் காட்டினீர்கள். "இங்கன வட்டம் போட்டிருக்குல்லா அய்யா" என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "வே, நீரா கூப்ட்டீரு?"

"நான் கூப்பிடல. அவனா வந்துட்டான்" என்றேன். சொல்லிக்கொண்டே எழுந்து உங்கள் பக்கம் வந்தேன். உங்களைத் தாங்கிப் பிடிக்க வருவதாக மைதீன் அண்ணாச்சி நினைத்தாராம். நான் அந்த வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தேன். நீங்கள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. உங்களைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். கம்பு வலது மணிக்கட்டில் விழுந்தது. குறுக்கே பாய்ந்த மைதீன் அண்ணாச்சிக்கு நெற்றியில் கிழிந்தது. செல்லத்துரை அண்ணாச்சி அடித்தவர்கள் காலில் விழுந்து கெஞ்சினார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

எலும்பு கட்டுகிறவர் பச்சிலை வைத்துக் கட்டியும் கை கோணலாகத்தான் கூடிற்று. நீங்கள் ஒரே ஒரு நாள் பங்களாவுக்கு வந்தீர்கள். கோணிச்சாக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இடது கையால் தொடையில் தட்டிப் பார்த்தீர்கள். "வரல அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அத்தனைக்குப் பிறகும் அண்ணாச்சி என்றீர்களே! என்னை ஏசியிருந்தால் நானும் மனுசனாகியிருப்பேனோ என்னவோ.

வேறு டிரம்காரர் வந்தார், சரிப்படவில்லை. யாரும் யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. ஒரு வருடத்தில் எல்லாம் கலைந்தது. நீங்கள் பாவூர்சத்திரம் சந்தையில் அந்தக் கோணல் கையோடு காய்கறி மூட்டை சுமந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்க்கவும் பார்த்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. போன தை மாதம் அதே வீட்டில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். மணவறைக்கு மேலேயே ஒலிபெருக்கி கட்டி நம் தட்டைப் போட்டார்களாம். சித்தப்பா தாளம் போட்டு ரசித்தாராம். அங்கே போய்விட்டு வந்த ஒருவர் சொன்னார். மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக்கு நடந்தேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

உங்கள் மனைவி பேச்சியம்மாள் மாவு இடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வட்டம் போட்டது, சொல்லாமல் விட்டது, அவனாக வந்தான் என்றது, அழித்தது. உலக்கையை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மனுசன் எங்கிட்ட இப்பிடிச் சொல்லலயே" என்றார். "கண்ணு தெரியாம நாந்தான் பந்தலுக்குள்ள ஏறிட்டேன்னுல்லா சொன்னாவ."

ஏன் அண்ணாச்சி? என்னைக் காப்பாற்றவா? அல்லது, ரோட்டுக்கு வந்துவிட்டால் அண்ணாச்சி கிடையாது என்பதை அன்றைக்கு ஒருநாள் மறந்தது உங்கள் தப்பு என்றே நம்பிவிட்டீர்களா?

"நாலு வருசம் ஏசியிருக்கேன்யா" என்றார் பேச்சியம்மாள். "கூறு கெட்ட மனுசா, நிக்குத இடம் தெரியாம என்னத்துக்குய்யா போய் நின்னீருன்னு. கஞ்சி ஊத்துதப்பல்லாம் ஏசுவேன். காய்ச்சல்ல கெடக்கையிலயும் ஏசுனேன். உசுரு போன அன்னைக்குக் காலைலகூட. ஒரு வார்த்த எதுத்துச் சொல்லல."

அவர் அழவில்லை. நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அதை அவர் காதில் வாங்கவே இல்லை.

"நீங்க எழுதத் தெரிஞ்சவுகதான? அவுகளுக்கு எழுதுங்க. பேச்சி ஏசுனதெல்லாம் தப்புன்னு எழுதுங்க."

"செத்துப்போனவருக்கு எப்படிம்மா எழுத?"

"உசுரோட இருக்கையில சொல்லலைல்லா? அப்ப இப்பிடித்தான் எழுதணும்."

எழுதிவிட்டேன் அண்ணாச்சி. பேச்சியம்மாள் உங்களை ஏசியதெல்லாம் தப்பு என்று சொல்லச் சொன்னார். நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றீர்கள். வட்டம் சரியாகத்தான் இருந்தது. இது எதுவும் உங்களிடம் வந்து சேராது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் செய்வேன். இது பத்திரிகையில் அச்சாகி வந்ததும் உங்கள் தெருவுக்குக் கொண்டுபோய், வாசலில் நின்று, பேச்சியம்மாளுக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுவேன். பிறகு ரத வீதிக்கு வந்து, என் வீட்டு வாசலிலும் அதே சத்தத்தில் வாசிப்பேன். அண்ணாச்சி என்று வருகிற இடங்களில் குரலைத் தாழ்த்த மாட்டேன்.

உங்கள் தம்பி,
சங்கரபாண்டி