பத்தாவது ஆள்

ஜோஹன்னஸ்பர்க், 1908

நூற்றிருபது வயது வரை வாழ வேண்டிய என் அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

அப்பாவின் நினைவு நாள் முறையாகவே நடந்தது. நம் யூத முறைப்படி பத்து ஆண்கள் கூடினால்தானே இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல முடியும்? ஜெபக்கூடத்தில் என்னோடு ஒன்பது பேர்தான் இருந்தோம். லெய்சர் அண்ணனை அழைத்துவர அவன் கடைக்கு ஓடினேன். கையில் காசில்லாத காலத்தில், இதே நாளுக்காக ஆறு மைல் நடந்து வந்தவன் அவன்.

"கூட்டம் நெரியுதுடா ஃபைவெல். வேற ஆளைக் கூட்டிட்டுப் போ, கூலி நான் தர்றேன்."

"அவரு உனக்கும் அப்பாதானேண்ணே?"

"அதனாலதாண்டா கூலி தர்றேங்கிறேன்."

கூலிக்கு வந்த கிழவர் அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டார். நான் பிரார்த்தனையைச் சொல்லச் சொல்ல, அவர்தான் எல்லோரையும்விட உரக்க 'ஆமென்' என்றார். அதனால் குறையொன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புங்கள். ஒரு ஜோடியில் அண்ணன் பெயரைத் தைத்துவிடுங்கள். வெறுங்கையோடு போனால் அவன் வீட்டு வேலைக்காரர்கள் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அம்மா கொடுத்தனுப்பியது என்றால் உள்ளே விடுவார்கள்.

தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகன்,
ஃபைவெல்