சிங்கத்தோடு இருக்கும் ஒல்லாந்துக்காரி

லைடன், ஒல்லாந்து
14.10.2024

அன்புள்ள தேவி அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் நலந்தானே? போனில் கதைத்தால் போன முறைபோலச் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். “படம் பாத்தால் வயிறு நிரம்புமோ?” என்று என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

ஓர் உதவி. உங்கள் வீட்டுச் சாமான் அறையில் துணி சுற்றி ஒரு படம் வைத்துவிட்டு வந்தேன். ஒல்லாந்தர் தங்கள் நாட்டுக் கண்டுபிடிப்புகளைக் கொண்டாடி அந்தக் காலத்தில் அச்சடித்தது. நான் வேலை பழகும் பழைய படக் கடையின் முதலாளி சோஃபிக்காக ஒஸ்லோ ஏலத்தில் எடுத்தது, அடுத்த மாதம் அவளே வந்து கொண்டுபோவாள். அதற்கு நல்ல விளக்கம் எழுதினால்தான் எனக்கு வேலை நிரந்தரமாகும். அச்சுயந்திரம் (அதுவும் தங்களுடையதுதான் என்பார்கள்), தொலைநோக்கி, நுணுக்குக்காட்டி, ஊசல் மணிக்கூடு என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். “இதிலே சாமான்கள்தான் இருக்கின்றன. படம் என்ன சொல்கிறது?” என்று திருப்பிவிட்டாள்.

படத்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
சோபிகா

ரொம்சோஸ், ஒஸ்லோ
22.10.2024

அன்புத் தங்கச்சி சோபிகாவுக்கு,

படம் சாமான் அறையில் இல்லை. சாமி அறையில் இருக்கிறது.

நவராத்திரிக்குக் குத்துவிளக்கு எடுக்கப் போனபோது கண்டேன். ஒரு பெண், கையில் ஈட்டி, பக்கத்தில் சிங்கம். வெள்ளைக்காரர் கீறிய அம்மன் என்று நினைத்தேன். சண்டை போட்டாலும் அக்காவுக்கென்று வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று அழுதும்விட்டேன். சந்தனம், குங்குமம் வைத்து மாட்டினோம். காலடியில் புத்தகமும் கருவிகளும் குவிந்திருக்க, ஆயுத பூசைப் படமாக்கும் என்று அத்தானிடம் சொன்னேன்.

இப்போது ஒல்லாந்தர் அச்சடித்த படம் என்கிறாய், அப்படியென்றால் அவளும் ஒல்லாந்துக்காரிதான். இறக்கத்தான் மனம் வருகுதில்லை. ஒன்று கேட்கவேண்டும்: யாழ்ப்பாணத்துக் கோட்டையும் போர்த்துக்கேயருக்குப் பிறகு இவர்கள் திருப்பிக் கட்டினதுதானே? அது ஏன் படத்தில் இல்லை?

அக்கா,
சிறிதேவி

லைடன்
11.11.2024

அன்புள்ள அக்கா,

குங்குமம் என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கடதாசியில் பட்டிருந்தால் வேலையும் போய், நட்டஈடும் கட்டவேண்டி வந்திருக்கும். உடனே போன் எடுத்தேன். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். அத்தான் சிரித்தார்: “பதறாதை பிள்ளை, கண்ணாடி போட்டுத்தான் மாட்டினனான். பொட்டு கண்ணாடியிலைதான் கிடக்கு.” அத்தானைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

பிறகுதான் உங்கள் கடிதத்தை ஆறுதலாக வாசித்தேன். ஆயுத பூசை! அவள் அவர்களுடைய நாடு, அக்கா. நாட்டையே தெய்வமாக்கி, தாங்கள் கண்டுபிடித்தவற்றை அவள் காலடியில் படைத்திருக்கிறார்கள். நான் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் பூசையைக் கண்டீர்கள். அதையே எழுதினேன். பெருமையான பொருள்களை மட்டும் படைத்தார்கள், கோட்டைகளைப் படைக்கவில்லை என்று முடித்தேன்.

சோஃபி இன்று பதில் போட்டாள். தை மாதத்திலிருந்து எனக்கு நிரந்தர வேலை.

அன்புடன்,
சோபிகா

ரொம்சோஸ்
20.11.2024

அன்புத் தங்கச்சி,

சோஃபி வந்து படத்தைக் கொண்டுபோனாள். நல்ல பெட்டை. மூன்று வடை சாப்பிட்டாள். பொட்டைத் துடைக்கப் போனேன், வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

படம் பார்த்தால் வயிறு நிரம்புமோ என்று உன்னிடம் கேட்டவள் நான்தான். ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, “என்ரை தங்கச்சிக்கு அந்த வேலையைக் குடு தாயே” என்று கேட்டவளும் நான்தான். ஒல்லாந்துக்காரிக்குத் தமிழ் விளங்கியிருக்கிறது.

இனிக் கடிதம் வேண்டாம். சண்டை பிடிக்கவாவது போன் எடு.

உன் அக்கா,
தேவி