ஓரம் தைத்த துணி

செவ்வாய்க்கிழமை, மதியம்

என் செல்லப் பேத்திக்கு, உன் அப்பாவைப் பெற்றவள் எழுதுவது. இங்கே யாரும் படுக்கையில் இல்லை. அடுப்பு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய், தலை ஈரம் காய்ந்த பிறகுதான் படுக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய தடித்த உறை போன வாரம் வந்து சேர்ந்தது. என் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்துக்குப் பத்து வரியாக அச்சடித்திருந்தாய். தொழில் நிர்வாகம் படிக்க நீ பார்த்துவைத்திருக்கும் ஐந்து பள்ளிக்கூடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் உன் குறிப்பு, கடைசியில் நீ அவர்களுக்கு அனுப்பப்போகும் கட்டுரை, எனக்காகத் தமிழில். 'பாட்டி, நீ படிச்சுட்டு சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்' என்று மேலே எழுதியிருந்தாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் ஐந்து பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசனை கேட்கிற இன்ஜினீயர் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய்.

முதல் இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பட்டியலைத் தெரு முழுக்கக் காட்டினேன். 'இன்னும் இடமே கிடைக்கல, அதுக்குள்ள ஏன் அத்தை ஊரைக் கூட்டறீங்க?' என்று உன் அம்மா பல்லைக் கடித்தாள். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு ஒரே சிரிப்பு. 'வியாபாரம் பண்ணக்கூடப் பள்ளிக்கூடமா? என் கடையில ஒரு மாசம் நிக்கச் சொல்லுங்க, எல்லாம் தானா வந்துடும்' என்றாள். 'உன் கடையில நின்னா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்லத்தான் கத்துக்குவா' என்றேன். அவளிடம் நான் கொடுத்த ரவிக்கை இரண்டு மாதமாகத் தைத்தபாடில்லை.

பட்டியலை என் புத்திக்கு எட்டிய மட்டும் பார்த்தேன். நான்காவது பள்ளிக்கூடம் மதிப்பெண்ணையும் வேலை பார்த்த வருஷத்தையும் மட்டும் கேட்கிறது. கறார்ப் பேர்வழி போலிருக்கிறது. மூன்றாவதில் தங்கும் அறைக்கு ஜன்னல் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், பிறகு எதற்கு அது? முதலாவதுதான் உன் மனசில் இருப்பது என்று தெரிகிறது. அதைச் சுற்றி மூன்று தடவை பென்சில் ஓட்டியிருக்கிறாய். 'உங்களை உருவாக்கிய நிகழ்ச்சி எது?' என்று அவர்கள் கேட்கிறார்கள். பக்கத்தில் நீ எழுதியது: 'இதுக்கு எங்கிட்ட கதை இருக்கு. அப்பாவோட கை.' ஐந்தாவது பள்ளிக்கூடம், 'நீங்கள் செய்த தவற்றால் இன்னொருவர் பாதிக்கப்பட்டதுண்டா? அதை எழுதுங்கள்' என்கிறது. அதற்குப் பக்கத்தில், 'இதுக்கு எங்கிட்ட கதை இல்ல, கடைசியா பாத்துக்கலாம்' என்று எழுதியிருக்கிறாய்.

அந்த ஐந்தாவது கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் என்னுடைய படிப்பே போதும், கண்ணு.

உன் கட்டுரையை மூன்று முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அப்பாவின் வலது கையில் நான்கு விரல்கள் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் போனதை எழுதியிருக்கிறாய். ஒரு கையால் அவன் உன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டதை எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் எனக்குக் கண் மறைத்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், உற்பத்திக்காக மெஷினின் காவல் தடுப்பைக் கழற்றச் சொன்ன ஒரு மேற்பார்வையாளரால் இது நடந்தது என்றும், அப்படிப்பட்ட ஒருவருக்கும் இடமில்லாத தொழிற்சாலையை நடத்தவே படிக்க வருகிறேன் என்றும் முடித்திருக்கிறாய்.

அந்தப் பக்கத்துக்கு என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. ஏன் என்று போனில் சொல்லலாம் என்றால் என் காதுக்குப் பாதி விழாது, மீதியை உன் அம்மாதான் கத்திச் சொல்லவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நீ வேலையில் சேர்ந்த புதிதில் ஒன்று கேட்டிருந்தாய், நினைவிருக்கிறதா? 'பிரஸ்ஸுக்கு ரெண்டு பொத்தான் பாட்டி. ரெண்டையும் ரெண்டு கையால ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் மேல இருக்கறது கீழ இறங்கும். அப்ப அப்பா கை எப்படி உள்ள போச்சு?' என்றாய். பழைய மெஷின் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அது பழைய மெஷின்தான். ஆனால் அதிலும் இரண்டு பொத்தான் இருந்தது.

இப்போது வருகிற மெஷினில் ஒரு பொத்தானைக் கட்டிவைத்தால் மெஷினே நின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். அப்போது நிற்காது. ஒரு பொத்தானை அமுக்கி, அமுங்கினபடி துணியால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கைக்கு விடுதலை. அந்தக் கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம், வேலை இரண்டு மடங்கு ஓடும். பட்டறையில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். உன் அப்பா செய்யவில்லை. இரண்டு கையாலும் அமுக்கி, நிதானமாகச் செய்தான். அதனால் அவனுக்கு நத்தை என்று பெயர் வைத்தார்கள்.

பெயரோடு விட்டிருந்தால் போயிருக்கும். ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் பட்டறை வாசலுக்குப் போனேன். காவல்காரன் உள்ளே பார்த்து, 'டேய், நத்தையோட அம்மா வந்திருக்காங்க' என்று கூப்பிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தபடிதான் வந்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் பெற்ற பிள்ளை யாருக்கும் இளைத்தவன் இல்லை என்று தலை நிமிர்ந்து திரிந்தவள் நான். இன்றைக்கு உன் பட்டியலைத் தெருவுக்குக் காட்டினேனே, அந்தத் தலைதான் இது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மற்றவர்கள் எப்படி வேகமாகச் செய்கிறார்கள் என்று அவனைத் துருவித் துருவிக் கேட்டேன். சொன்னான். கம்பி வெட்டும், கயிறு நழுவும், பழைய பருத்தித் துணிதான் பிடித்து நிற்கும் என்றான். 'அது வேணாம்மா, விடு' என்றும் சொன்னான். நான் விடவில்லை. என் நீலப் புடவையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்தேன். நூல் பிரிந்து மெஷினில் சிக்கக்கூடாதே என்று இரண்டு பக்கமும் ஓரம் தைத்தேன். அவ்வளவு அக்கறை எனக்கு. காலையில் அவன் சாப்பாட்டுப் பையில் வைத்தேன்.

உன் கட்டுரையில் வருகிற மேற்பார்வையாளரை எல்லாரும் விசில்காரர் என்பார்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கட்டின பொத்தானைக் கண்டால் ஊதிவிட்டு, தானே போய் அவிழ்த்து எறிவார். உன் அப்பாவின் துணியையும் அவிழ்த்தார். ஆனால் எறியவில்லை. ஓரம் தைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலம் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். உன் அப்பா கடைக்குப் போயிருந்தான், உன் அம்மா உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே துணியை நீட்டி, 'தையலைப் பார்த்தேன், வீட்டுலேர்ந்துதான் வந்திருக்கும்னு தோணுச்சு. இதைக் குடுக்காதீங்கம்மா. அந்த ரெண்டு பொத்தானும் அவன் ரெண்டு கைக்கும் காவல்' என்றார்.

'உங்க பிள்ளையை நத்தைன்னு கூப்பிட்டா உங்களுக்குத் தெரியும்' என்றேன். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் துணியைக் கதவுப் பிடியில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அதே துணியை அதே பையில் வைத்தேன். மூன்றாம் நாள் உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தொழிலாளி தானாகக் கட்டியது என்று ஆனால் நஷ்டஈடு கிடையாது என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். உன் அப்பா மயக்க மருந்தில் கிடந்தான். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேகம் போதவில்லை என்று விசில்காரர்தான் கட்டச் சொன்னார், என் பிள்ளை தினமும் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுவான் என்றேன். ஒரு நடுக்கம்கூட இல்லாமல் சொன்னேன். அவர் எனக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நம் வீட்டுக்கு வந்ததையும் துணியைத் திருப்பிக் கொடுத்ததையும் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். அவர் சொல்லவில்லை. 'வேற ஏதாவது சொல்லணுமா?' என்று கேட்டதற்கு, 'இல்லீங்க' என்றார். சொல்லியிருந்தால் உன் அப்பாவுக்குக் கையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. இதை யோசித்துத்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். அவருக்கு வேலை போயிற்று. அந்தப் பெயரோடு எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை.

நீ வளர்ந்து அப்பா கையைக் காட்டிக் கேட்டபோது, உன்னிடமும் அவர் மேலேயே பழியைப் போட்டேன், பொத்தானையும் துணியையும் விட்டுவிட்டு, காவல் தடுப்பைக் கழற்றச் சொன்னார் என்று மட்டும். ஒரே ஆள் மேல் இரண்டாவது தடவை பழி போடுவது சுலபமாக இருந்தது. உன் அப்பா நான் சொன்னதை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. எழுந்து வெளியே போய்விடுவான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். விசில்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் முகத்தை மறைக்கப் பார்த்தேன். அவர், 'தம்பி கை குளிர்ல வலிக்குதா?' என்று கேட்டார். பிறகு, 'அன்னைக்கு உள்ளே குழந்தைச் சத்தம் கேட்டுச்சே, அது என்ன படிக்குது?' என்றார். இன்ஜினீயரிங் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'பிரஸ் பக்கம் போனா முதல்ல ரெண்டு பொத்தானையும் பார்க்கச் சொல்லுங்க' என்றார். அதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

நீ எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் முதல் பள்ளிக்கூடத்துக்கு உன்னிடம் கதை இல்லாமல் போகலாம். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்கிறாய், இந்த நேரத்தில் வந்து குட்டையைக் குழப்புகிறேன் என்றும் தெரிகிறது. ஜன்னல் இல்லாத பள்ளிக்கூடமே உனக்கு வாய்த்தாலும் அதற்கும் நான்தான் காரணம். என்னைத் திட்டு. ஆனால் அந்த மனிதரைப் பற்றி அப்படி எழுதி, முன்பின் தெரியாத ஐந்து ஊருக்கு அனுப்பிவிடாதே. ஒரே அறையில் மூன்று பேருக்கு முன்னால் நான் சொன்னதே அவருக்குப் போதும்.

இது வரைக்கும் நேற்று எழுதினேன். உறையை ஒட்டாமல் உன் அப்பாவிடம் கொடுத்தேன். லிஃப்ட் ஓட்டும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், சீருடையோடு நாற்காலியில் உட்கார்ந்து படித்தான். தாளைத் தொடையில் வைத்து, இடது கையால் ஒவ்வொன்றாகத் திருப்பினான். அதிகாரிகள் வந்த பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தான். முடித்துவிட்டு, 'நீ துணி குடுக்கலைன்னா நான் கயிறு எடுத்துட்டுப் போயிருப்பேன்மா. எனக்கும்தான் அந்தப் பேர் வலிச்சுது' என்றான். அவன் சிரித்ததை நான் நம்பியிருந்தேன் பார்.

முகம் கழுவிவிட்டு வந்து இன்னொன்றும் சொன்னான். 'விசில்காரர் வீடு எனக்குத் தெரியும். தெரு முனை வரைக்கும் நாலஞ்சு தடவை போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை போலாம். நீயும் வா.'

போகிறேன். என்ன எடுத்துப் போவது, வாசலில் நின்று முதல் வார்த்தை என்ன சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. அவர் உட்காருங்கள் என்று சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வருவேன். உறையில் விலாசம் கோணலாக இருந்தால் பயப்படாதே. உன் அப்பாதான் எழுதினான், இடது கையால். கடிதத்தையும் தானே தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

படித்ததும் கோபம் வரும். கொஞ்ச நாள் என்னிடம் பேசப் பிடிக்காமல் இருக்கும். இருந்துகொள். அப்பாவிடம் மட்டும் பேசு. என்றைக்காவது எனக்கு எழுதலாம் என்று தோன்றினால் இரண்டு வரி போதும், எழுத்தைப் பெரிதாக்கக்கூட வேண்டாம், தையல்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக்கொள்கிறேன்.

நீ எங்கே படித்தாலும், எத்தனை பேரை நடத்தினாலும், உன் பத்து விரலும் பத்திரமாக இருக்கட்டும். உன்னிடம் வேலை பார்க்க வருகிறவன் வீட்டில் எவளாவது ஒருத்தி சாப்பாடு கட்டிக்கொண்டிருப்பாள். அவன் விரலும் பத்திரமாக இருக்கட்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
பாட்டி