இரண்டு இடத்திலும் கடை

இன்று காலை அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அட்டை தொங்கியது: 'கம்ப்யூட்டரில் மாற்றம் நடக்கிறது. இரண்டு மணி நேரம் காத்திருக்கவும்.' வரிசையில் நின்ற எனக்கு ஆத்திரம் பொங்கியது, என் மேலேதான். நீ இறந்துபோனதை உன் அக்கா போன வாரம்தான் சொன்னார்கள்.

தொண்ணூறுகளில் தி. நகரில் நம் ஆபீஸ் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தது. புதுப் பதிப்பு போடும்போதெல்லாம் நோயாளிப் பதிவை நிறுத்திவிட்டுத்தான் தகவல்களைப் புதியதற்கு மாற்றுவோம். கவுன்ட்டரில் ஜனங்கள் கத்துவார்கள். "இன்னாத்துக்கு மூடணும்?" என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

பட்டினப்பாக்கத்தில் உன் வீட்டு மீன்கடை இடம் மாறிய கதையைச் சொன்னாய். "அம்மா புது எடத்துல குந்திக்கினாங்க. அக்கா பழைய எடத்துலயே. ரெண்டுலயும் மீன் கீது. வாடிக்கை எல்லாம் இந்தாண்ட பழகினப்புறம்தான் அக்கா கூடையைத் தூக்கிச்சு. ஒரு நாள்கூட யாவாரம் நிக்கல."

அதையே நிரலாக்கினாய். நோயாளி விவரங்கள் இருக்கும் பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் புதியது. வருகிற விவரம் இரண்டிலும் ஏறும். பழைய விவரங்கள் மெல்ல நகரும். எல்லாம் சரியான பிறகே பழையதை எடுப்பது. அதற்காகத் தகவல் மாற்றும் கருவியையே மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தி எழுதினாய். அது முதலில் ஓடிய அன்று கவுன்ட்டரில் ஓர் ஆள்கூடக் கத்தவில்லை.

நாம் இருவருமே தற்காலிக ஊழியர்கள். அந்தக் கருவியை எழுதியவருக்கு நிரந்தர வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கருவியைப் பற்றிய அறிக்கையை எழுதியது நான். முதல் பிரதியில் உன் பெயர். அடுத்ததில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். மேனேஜர் மேசைக்குப் போனதில் என் பெயர் மட்டும். தயங்கினேன் என்று சொன்னால் பொய். நான் மயிலாப்பூர்ப் பையன், இங்கிலீஷ் பேசுகிறவன். அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மூன்றின் நகல்களும் பிரின்டர் பக்கத்தில் கிடந்ததை நீ பார்த்துவிட்டாய். சண்டை போடுவாய் என்று பயந்தேன். நீயோ டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாய். "நல்லாக் கத்துக்கின நைனா. ஒரு நாள்கூட வேலை நிக்காம என்னைத் தூக்கிட்ட."

அந்த வார்த்தை இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அந்தக் கருவியால் வந்த பதவியும் இருக்கிறது, சீ!

"மூடாம இத மாத்தவே முடியாதா சார்?" என்றார் வரிசையில் முன்னால் நின்றவர். முடியும் என்றேன். யார் கண்டுபிடித்தது என்று, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, உன் பெயரைச் சொன்னேன்.

"யாரு சார் அது?" என்றார்.